குரங்கும் மலேரியாவும்: காவுவது யார்?

வன்னிப் பக்கத்துத் தோட்டங்களில் குரங்குகள் இறங்கிக் குரும்பையையும் வாழைக்குலையையும் அழிப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "குரங்கு வந்தால் மலேரியாவும் வரும்" என்று எவராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை. மறுபுறத்தில், இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்று வழங்கிவிட்டதால் இனி இந்த நோயைப் பற்றி எண்ணவே தேவையில்லை என்று கருதுவோரும் உள்ளனர். இரண்டு கருத்துகளிலும் சிறிதளவு உண்மை இருக்கின்றது. ஆயினும் இரண்டும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. குரங்கின் குருதியில் மலேரியாக் கிருமி இருப்பதும் அது மனிதரை வந்தடைவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதையும், முதலாவது நடந்தால் இரண்டாவதும் தானாக நடந்துவிடாது என்பதையும் இரு தரப்பினருமே கவனிப்பதில்லை.

குரங்கு கடித்தால் மலேரியா வராது

பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை முதலில் அகற்றிவிடுவது நல்லது. குரங்கு கடிப்பதாலோ பிறாண்டுவதாலோ, அது கடித்து எறிந்த பழத்தைத் தொடுவதாலோ எவருக்கும் மலேரியா ஏற்படாது. கடிபட்டவர் அஞ்சவேண்டியது விசர்நோயையும் காயத்தில் ஏற்படும் கிருமித்தொற்றையுமே. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிய பின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

அதேபோல, கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் 1957இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. அது உண்ணிகள் காவுகின்ற ஒரு வைரசு நோய். குரங்கம்மை இன்னொரு வைரசினால் வருவது. குரங்கின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால் இவை யாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை மலேரியாவைப் பற்றியது மட்டுமே.

ஒட்டுண்ணியின் பயணம்

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஒற்றைக்கல உயிரி. அது இன்னோர் உயிரின் உடலுக்குள் இருந்து, அவ்வுடலின் செலவிலேயே வாழ்வதால் அதனை ஒட்டுண்ணி என்கின்றோம். அது வாழ்வதற்கு இடங்கொடுக்கும் உடல் ஓம்புயிர் எனப்படும். ஓர் ஓம்புயிரிடமிருந்து மற்றோர் ஓம்புயிருக்கு அதனைக் கொண்டுசெல்லும் பூச்சி காவி எனப்படும். மனிதரிலும் குரங்குகளிலும் மலேரியாவுக்கு இயற்கையான காவி அனோபிலிஸ் இனத்துப் பெண் நுளம்பு மட்டுமே. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்கோ, வடிகான்களில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்புக்கோ இதில் பங்கில்லை.

நுளம்பு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் உடலுக்குள் நுழையும் ஒட்டுண்ணிகள் முதலில் ஈரலுக்குச் செல்கின்றன. அங்கே நோய்க்குறி எதனையும் காட்டாமல் பெருகி, ஒரு கட்டத்தில் குருதிக்குள் வெளிப்பட்டு, செங்குழியங்களுக்குள் புகுந்து, அவற்றுக்குள்ளேயே மேலும் பெருகி, அவற்றை வெடிக்கச் செய்து, அடுத்த செங்குழியங்களைத் தேடிச் செல்கின்றன. செங்குழியங்கள் கூட்டமாக வெடிக்கும் வேளையிற்றான் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தோன்றுகின்றன. இதற்கிடையில் ஒரு பகுதி ஒட்டுண்ணிகள் ஆண், பெண் வடிவங்களாக மாறி, அடுத்த நுளம்பு வந்து குருதி குடிக்கும்வரை காத்திருக்கின்றன. நுளம்பின் வயிற்றுக்குள் அவை இணைந்து வளர்ந்து, மீண்டும் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, வெப்பநிலையைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் வரை செல்லும். அதற்குள் நுளம்பு இறந்துவிட்டால் ஒட்டுண்ணியின் பயணமும் அத்துடன் முடிந்துவிடும்.

நெடுந்தீவுக்குச் செல்ல விரும்பும் ஒருவர் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நிற்பதனால் மட்டும் நெடுந்தீவை அடைந்துவிட மாட்டார். அவருக்குப் படகு வேண்டும். நயினாதீவுப் படகில் ஏறினால் நயினாதீவிலேயே இறங்கநேரும். சரியான படகில் ஏறிக் கரைசேர்ந்த பின்னரும், தங்குவதற்கு ஒரு வீட்டின் கதவு திறக்கவேண்டும். குரங்கின் மலேரியா மனிதருக்கு வருவதும் இவ்வாறே மூன்று நிபந்தனைகளில் தங்கியிருக்கின்றது. குரங்கின் குருதியில் ஒட்டுண்ணி இருக்கவேண்டும். குரங்கையும் மனிதரையும் மாறிமாறிக் கடிக்கும் பழக்கமுள்ள அனோபிலிஸ் நுளம்பு அந்த இடத்தில் இருக்கவேண்டும். மனிதரின் செங்குழியம் அந்த ஒட்டுண்ணியை உள்ளே விடவேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் நோய் குரங்கிடமே நின்றுவிடும்.

சுருங்கச் சொன்னால், குரங்கு மலேரியாவைத் தருவதில்லை; அது ஒட்டுண்ணியைத் தன்னிடம் வைத்திருக்கின்றது. அவ்வாறு ஒட்டுண்ணியை நெடுங்காலம் பேணிவைத்திருக்கும் விலங்கினத்தைத் தேக்கி என்றும், விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் தொற்றை விலங்குவழித் தொற்று என்றும் இனிக் குறிப்பிடுவோம்.

யாருடைய ஒட்டுண்ணி யாருக்கு?

பிளாஸ்மோடியத்தில் இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. பறவைகளுக்கும் ஓணான்களுக்கும் எலிகளுக்கும் தனித்தனி இனங்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை தமக்குரிய ஓம்புயிரை விட்டு வேறெங்கும் பிழைப்பதில்லை. மனிதரிடையே மனிதரின் வழியாகவே பரவிவருபவை பல்சிபாரம், வைவாக்ஸ், மலேரியே, ஓவாலே என்னும் நான்கு. இலங்கை ஒழித்துச் சான்று பெற்றது இந்த மனித மலேரியாவையே. காட்டுக் குரங்குகளின் குருதியைச் சோதித்து அங்கே எதுவும் இல்லை என்று எவரும் சான்று தரவில்லை, தரவும் முடியாது. மலேரியா அற்ற நாடு என்ற செய்தியை வாசித்தவர்கள் தவறவிட்ட இடம் இதுதான் என்பது என் கருத்து.

கல்கத்தாவிலிருந்து கப்பிட் வரை

குரங்கு மலேரியாக்களில் மனிதருக்கு மிகப் பெரிய இடரைத் தருவது பிளாஸ்மோடியம் நோலெசி. அதன் வரலாறு தமிழில் அதிகம் எழுதப்படாதது என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்லலாம்.

1930களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு நீள்வால் குரங்கின் குருதியில் அறியப்படாத ஒட்டுண்ணி ஒன்று காணப்பட்டது. அந்தக் குரங்கு நோயாளியாகத் தோன்றவில்லை. ஆனால் அதன் குருதியை இந்திய ரீசஸ் குரங்குகளுக்கு ஏற்றியபோது அவை கடும் நோய்வாய்ப்பட்டன. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த ஓம்புயிரிடம் அடங்கியிருக்கும் ஒட்டுண்ணி, பழக்கமில்லாத ஓம்புயிரிடம் கொடியதாக மாறக்கூடும் என்பதற்கு இது கண்முன்னான எடுத்துக்காட்டு. ரோபேர்ட் நோல்ஸ், தாஸ் குப்தா ஆகிய இருவரும் 1932இல் அதே ஒட்டுண்ணியைக் குருதி மூலம் மனிதருக்கும் தொற்றவைக்கலாம் என்று காட்டினர். பின்னர் நோல்ஸின் பெயரே அதற்கு இடப்பட்டது. அக்காலத்தில் மூளையைத் தாக்கிய சிபிலிசு நோய்க்குக் காய்ச்சலை உண்டாக்கிச் சிகிச்சையளிக்கும் முறை இருந்தது. அதற்கும் இந்த ஒட்டுண்ணி பயன்படுத்தப்பட்டது என்பது இன்று வாசிக்கையில் திகைப்பூட்டுகின்றது.

ஊசி மூலம் தொற்றவைப்பது வேறு, நுளம்பு மூலம் இயற்கையாகத் தொற்றுவது வேறு. இரண்டாவது 1965இல் உறுதியாயிற்று. மலேசியாவின் பகாங் காட்டில் வேலைசெய்துவிட்டுத் தாயகம் திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு வந்த காய்ச்சல், நோலெசியால் ஏற்பட்டது எனக் கண்டறியப்பட்டது. அதன் பின்னரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், இது அரிதினும் அரிதான நிகழ்வு என்றே பாடநூல்கள் கூறிவந்தன.

அந்த எண்ணத்தை மாற்றியது மலேசியாவின் சரவாக் மாநிலத்தின் கப்பிட் பகுதி. அங்கே பலருக்குப் பிளாஸ்மோடியம் மலேரியே தொற்று இருப்பதாக நுணுக்குக்காட்டிச் சோதனைகள் கூறின. மலேரியே பொதுவாக மெதுவாக வளர்வது, குருதியில் மிகக் குறைந்த அளவிலேயே காணப்படுவது. கப்பிட் நோயாளிகளிடமோ ஒட்டுண்ணிகள் மிகுதியாக இருந்தன. பல்பீர் சிங், ஜனட் கொக்ஸ்-சிங் ஆகியோரின் குழு மரபணுச் சோதனை செய்து பார்த்தது. 2004இல் வெளியான அவ்வாய்வின்படி, சோதிக்கப்பட்ட 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலெசி. நுணுக்குக்காட்டியின் கீழ் இவ்விரு இனங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றுவதால், ஆண்டுக்கணக்காக ஒன்றின் பெயரில் மற்றொன்று பதிவாகியிருந்தது. அரிதானது என்று நம்பப்பட்ட நோய் உண்மையில் அரிதாக இருக்கவில்லை.

இப்பிழை ஏட்டுப் பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மலேரியே ஒட்டுண்ணி 72 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், பல்சிபாரமும் வைவாக்சும் 48 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் செங்குழியங்களை வெடிக்கச் செய்கின்றன. நோலெசியோ 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெடிக்கச் செய்கின்றது. ஆகவே, ஒருநாள் காத்திருந்து பார்ப்போம் என்று இருந்துவிட்டால் அந்த ஒருநாளிலேயே குருதியிலுள்ள ஒட்டுண்ணிகள் பல மடங்காகிவிடலாம். சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு இறந்தோர் உள்ளனர். உரிய நேரத்தில் கண்டறிந்தால், மலேரியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளே இதனையும் குணப்படுத்திவிடும்.

மலேசியாவில் 2018ஆம் ஆண்டிலிருந்து மனித மலேரியா உள்நாட்டில் தொற்றியதாகப் பதிவு இல்லை. அதே 2018இல் நோலெசித் தொற்றாளர் 4,000க்கும் அதிகமாக இருந்தனர். காட்டை வெட்டி எண்ணெய்ப் பனைத் தோட்டங்களை அமைத்தபோது குரங்குகளும், அவற்றைக் கடித்து வாழ்ந்த நுளம்புகளும், வேலைக்கு வந்த மனிதரும் ஒரே எல்லைக்குள் வந்துவிட்டமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகின்றது. அங்கே காவிகளாக இருப்பவை லூக்கோஸ்பைரஸ் கூட்டத்தைச் சேர்ந்த அனோபிலிஸ் நுளம்புகள். இவை காட்டிலும் காட்டோரத்திலும் வாழ்பவை. மரக்கிளையிலுள்ள குரங்கையும் கீழே நிற்கும் மனிதரையும் கடிக்கத் தயங்காதவை. முன்னர் சொன்ன படகு, இரு துறைகளையும் தொட்டுச் செல்லும் இடம் அது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு நுளம்பு இதனைக் கொண்டுசெல்லுமா என்ற கேள்வி எழும். 1960களில் நடந்த சோதனைகளில் அது இயலும் என்று காட்டப்பட்டது. ஆனால் ஊர்களில் அவ்வாறு தொடர்ந்து பரவுவதாக உறுதிப்படுத்தப்படவில்லை. நோயாளிகள் பெரும்பாலும் குரங்குகளிடமிருந்தே தனித்தனியாகத் தொற்றுப் பெறுகின்றனர்.

இலங்கையின் செங்குரங்குகள்

நமது நாட்டின் செங்குரங்குக்கும் சொந்த மலேரியாக்கள் உள்ளன. பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்கவும் அவருடன் பணிபுரிந்தோரும் 1965இல் இலங்கைக் குரங்குகளிலிருந்து பிளாஸ்மோடியம் பிரஜைல் என்ற புதிய இனத்தையும், பிளாஸ்மோடியம் சைனோமோல்கியின் இலங்கைத் துணையினம் ஒன்றையும் விவரித்தனர். இனுவி என்னும் இனத்தோடு நெருங்கிய மூன்றாவது ஒட்டுண்ணி ஒன்றும் அதே காலத்தில் அறியப்பட்டது. வியப்பு என்னவென்றால், இம்மூன்றும் மனித மலேரியாக்களில் மூன்றை ஒத்திருக்கின்றன. சைனோமோல்கி, வைவாக்சைப் போல ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து மீளக்கூடியது. பிரஜைல், பல்சிபாரத்தைப் போலக் குருதிக்குழாய்ச் சுவர்களில் செங்குழியங்களை ஒட்டச் செய்வது. இனுவி, மலேரியேயைப் போல 72 மணித்தியாலச் சுழற்சி உடையது. மனிதரைத் தாக்கும் மலேரியாவை ஆராய விரும்பிய அறிவியலாளர் செங்குரங்கை நாடியதில் வியப்பில்லை.

இவற்றுள் சைனோமோல்கி மனிதரையும் தொற்றக்கூடியது. ஆயினும் வன்னிக் காட்டில் குரங்கைக் கண்டதும் மலேரியாவை எண்ணி நடுங்கத் தேவையில்லை, காரணம் படகுதான். செங்குரங்குகளிடையே இவ்வொட்டுண்ணிகளைக் காவுவதாக அறியப்பட்டது, அக்காலத்தில் அனோபிலிஸ் எலிகன்ஸ் என்று பெயரிட்டிருந்த ஒரு காட்டு நுளம்பு. இலங்கை மக்களை நூற்றாண்டுகளாக வாட்டிய மலேரியாவைக் காவியதோ அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். இது வற்றிவரும் ஆறுகளின் குட்டைகளிற் பெருகி, மாடுகளையும் மனிதரையும் கடிப்பது. 1934–35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது இதனாற் பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். போர்க்காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்து வாழ்ந்தோரை நடுங்கவைத்ததும் இந்த நுளம்பு காவிய மனித மலேரியாவே. காட்டோரத்தில் வாழ்ந்தோமாகையால் குரங்கிடமிருந்து வந்தது என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

இதற்கு வலுவான சான்று ஒழிப்பின் வரலாற்றிலேயே இருக்கின்றது. நாட்டுக்குள்ளேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிற் பதிவானார். அதன் பின்னர் செங்குரங்குகள் குறைந்துவிடவில்லை. தோட்டங்களுக்கு வருவதையும் நிறுத்தவில்லை. குரங்கின் மலேரியா எளிதில் மனிதருக்குத் தாவுவதாயின், மனித மலேரியா ஒழிந்த பின்னும் வன்னி வைத்தியசாலைகளுக்கு மலேரியா நோயாளிகள் வந்துகொண்டே இருந்திருப்பர்.

ஆகவே இதுவரை பார்த்தவற்றின்படி, இலங்கையில் தேக்கி உண்டு, மனிதரைத் தொற்றக்கூடிய ஒட்டுண்ணியும் அதனிடம் உண்டு, இரண்டுக்கும் இடையில் ஓடும் படகு மட்டும் மிகப் பலவீனமானது. மலேசியாவில் மூன்றும் வலுவாக உள்ளன.

கூட்டிலுள்ள குரங்குகள்

காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட குரங்கு கூட்டுக்குள் வந்ததும் அதன் ஒட்டுண்ணி மறைந்துவிடாது. வெளியே நலமாகத் தோன்றும் விலங்கின் குருதியில் அது ஆண்டுக்கணக்காக மிகக் குறைந்த அளவில் தங்கியிருக்கும். பயண அலைச்சல், வேறு நோய், மண்ணீரல் அகற்றப்படுதல் போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றும்போது மீண்டும் பெருகும். குளிர்நாட்டு விலங்குக்காட்சிச்சாலையில், அனோபிலிஸ் நுழையாத கட்டிடத்தில் இருக்கும் குரங்கின் ஒட்டுண்ணி அதனுடனேயே அழியும். அதே குரங்கை நுளம்பு வலையில்லாத கூட்டில் வெப்பநாடொன்றில் வைத்தால் நிலைமை வேறு. தாய்லாந்தின் தென்பகுதியில் தேங்காய் பறிக்கப் பழக்கி வீட்டோடு வளர்க்கப்படும் பன்றிவால் குரங்குகளிலும் மலேரியா ஒட்டுண்ணிகள் காணப்பட்டுள்ளன. அவை இரவில் வீட்டு முற்றத்தில் கட்டப்பட்டிருப்பவை என்பதையும், அனோபிலிஸ் பெரும்பாலும் இரவிற் கடிப்பது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஆய்வுக்கூடங்களின் கதை தனியானது. மலேரியா ஒட்டுண்ணி முதலில் ஈரலில் வளர்கின்றது என்பதை ஷோர்ட், கார்ன்ஹாம் ஆகியோர் 1948இல் இலண்டனில் கண்டுபிடித்தது, சைனோமோல்கி தொற்றிய ரீசஸ் குரங்கிலேயே. அதே சைனோமோல்கி 1960இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகர ஆய்வுக்கூடத்தில், தொற்றுள்ள நுளம்புகள் கடித்ததால் அங்கே பணிபுரிந்தோரைத் தொற்றியது. குரங்கு மலேரியா நுளம்பு வழியாக மனிதருக்கு வரும் என்பது உலகுக்குத் தெரியவந்தது இவ்விபத்தினால்தான். காட்டில் இயற்கையாகச் சைனோமோல்கி தொற்றிய முதல் மனிதர் பற்றிய விவரம் மலேசியாவிலிருந்து 2014இல் வெளியாயிற்று.

ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று 2023 ஏப்ரலில் அரச தரப்பிலிருந்து வந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. அதுபோன்ற யோசனை மறுபடி எழுமாயின், விலங்குநேயர் சொல்வனவற்றோடு இதனையும் எடைபோடவேண்டும்: பிடிக்கும் இடத்திலும், அடைத்துவைக்கும் இடத்திலும், இறக்கும் நாட்டிலும் எந்த அனோபிலிஸ் உண்டு என்று பாராமல் குரங்குகளை இடம்மாற்றுவது, ஒட்டுண்ணிக்குப் புதிய துறைமுகம் தேடிக் கொடுப்பதாகும்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு

குரங்கையே குற்றவாளியாக்குவோர் அறியவேண்டிய ஒன்று: மனிதரின் மலேரியாவும் குரங்குகளுக்குச் சென்றிருக்கின்றது. தென்னமெரிக்கக் குரங்குகளில் வாழும் பிளாஸ்மோடியம் சிமியம், மனிதருடன் அக்கண்டத்துக்கு வந்த வைவாக்சிலிருந்து தோன்றியது என்பதை மரபணு ஒற்றுமை காட்டுகின்றது. அது 2015–16இல் பிரேசிலின் இரியோ டி ஜெனீரோ மாநிலக் காடுகளிலிருந்து மீண்டும் மனிதருக்கு வந்தது. மிகக் கொடிய பல்சிபாரமோ ஆபிரிக்கக் கொரில்லாக்களிடமிருந்து மனிதருக்கு வந்தது என்று 2010இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகின்றது.

யாழ்ப்பாணத்துக்கு இதில் என்ன?

குடாநாட்டைப் பொறுத்தவரை கவலைக்குரியவை இரண்டு. இரண்டும் நேரடியாகக் குரங்குகளைப் பற்றியவை அல்ல.

ஒன்று, அனோபிலிஸ் ஸ்டீபென்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்த நுளம்பு 2016 டிசெம்பரில் மன்னாரிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. ஆற்றுக் குட்டை இல்லாத யாழ்ப்பாணம் அதற்கு ஒரு தடையல்ல. கிணறுகளிலும் மேல்நிலை நீர்த்தாங்கிகளிலும் அது முட்டையிடும். ஆய்வுக்கூடங்களில் சைனோமோல்கியை வளர்ப்பதற்கும் இந்நுளம்பே பயன்பட்டுவருகின்றது. நகரத்து நுளம்பு காட்டுக் குரங்கைச் சென்று கடிக்கப்போவதில்லை என்பதால் அந்த வழியில் வரும் இடர் மிகச் சிறியது. வெளிநாட்டிலிருந்து மனித மலேரியாவுடன் வருபவரின் குருதியை அது குடிப்பதே உண்மையான இடர். கிணற்றுக்கு வலையிடுவதும், கிணற்றில் மீன்குஞ்சு விடுவதும், நீர்த்தாங்கியை மூடிவைப்பதும் இதற்காகத்தான் வலியுறுத்தப்படுகின்றன.

மற்றது, பயணம். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் தொழிலுக்காகவும் சுற்றுலாவுக்காகவும் நம்மவர் செல்கின்றனர். கோலாலம்பூரில் தங்கித் திரும்புவோருக்கு இடர் மிகக் குறைவு. தோட்டங்களிலும், காட்டோர வேலைத்தளங்களிலும், மலையேற்றங்களிலும் இரவைக் கழித்தோர் கவனமாக இருக்கவேண்டும். திரும்பியபின் காய்ச்சல் வந்தால், டெங்கு என்றோ எலிக்காய்ச்சல் என்றோ தாமே முடிவுசெய்து வீட்டில் இருந்துவிடாமல், எந்த நாட்டில், எப்படிப்பட்ட இடத்தில் தங்கினோம் என்பதை வைத்தியரிடம் அவர் கேட்குமுன்னரே சொல்லவேண்டும். மலேரியாவுக்கான விரைவுச் சோதனைப் பட்டிகள் நோலெசியைத் தவறவிடக்கூடும். நுணுக்குக்காட்டியில் அது மலேரியேயாகத் தோன்றக்கூடும். எந்த இனம் என்பதை மரபணுச் சோதனையே உறுதிசெய்யும். அச்சோதனைக்கு அனுப்பவேண்டும் என்ற எண்ணம் வைத்தியருக்கு வருவது பெரும்பாலும் நோயாளி சொல்லும் பயண விவரத்தினால்தான். முதற் சோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் காய்ச்சல் தொடர்ந்தால், மறுநாளும் குருதியைச் சோதிக்கும்படி கேட்பதில் தவறில்லை. மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோருக்கான தடுப்பு மருந்தை மலேரியாத் தடை இயக்கம் இலவசமாக வழங்குகின்றது. புறப்படுவதற்கு முன்பே அதன் பிராந்திய அலுவலகத்தை நாடி, தாம் செல்லவிருக்கும் ஊரைச் சொன்னால், எந்த மருந்தை எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பதை அங்கேயே விளக்குவர்.